டிரம்மக்காவின் தீவன அறை

மாட்டுத் தீவனத்துக்கு எங்கள் ஹவுஸ் ஓனர் டிரம்மக்கா கொடுத்த மரியாதையை வில்லியனூர் கொம்யூனில் மட்டுமல்ல, இந்தப் பூமியிலேயே வேறு யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

கீழ்வீட்டில் இருந்ததே இரண்டு அறை. ஒன்று சமையலுக்கு. டைல்ஸ் போட்டு, ஃபேன் மாட்டி, இரண்டு பக்கமும் ஜன்னல் வைத்த இன்னொன்று தீவனத்துக்கு. டிரம்மக்காவும் அவர் வீட்டுக்காரர் சவரி அண்ணனும் வராந்தாவில் கொசுவலைக்குள் படுத்துக்கொள்வார்கள். ஞானஸ்நானத்தில் அக்காவுக்கு வைத்த பெயர் பங்குச் சாமியாருக்கு மட்டும்தான் ஞாபகம் இருந்தது. அறை முழுக்க நீல நிற பிளாஸ்டிக் டிரம்களை வாங்கி அடுக்கியதிலிருந்து ஊருக்கே அவர் டிரம்மக்காதான்.

நானும் என் மனைவி செல்வியும் மாடிக்குக் குடிவந்த அன்று, மற்ற ஓனர்களைப் போலத் தண்ணீர் மோட்டாரைப் பற்றியெல்லாம் அவர் பேசவில்லை. நேராகத் தீவன அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"இன்னா தம்பி, செருப்போட வர்ற? வெளிய வுடு."

விட்டேன்.

"மூட்டைய சிமெண்டு தரையில வெச்சா ஈரம் ஏறிக்கும். அதான் கீழ பலகை. செவுத்துல சாச்சி வெச்சா செவுத்து ஈரம். அதான் ஒரு ஜாண் தள்ளி. பிரிச்ச மூட்டை டிரம்முக்குள்ள போயிடணும், மூடி இறுக்கமா இருக்கணும். பழசு தீராம புதுசுல கை வெச்சா எனக்குக் கெட்ட கோவம் வரும்."

"நான் எதுக்குக்கா கை வைக்கப் போறேன்?"

"பொதுவா சொன்னேன்."

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும், கடையிலிருந்து லோடு வண்டி உள்ளே வராது. அதனால் மழைக்காலம் முழுவதற்குமான தவிடு, புண்ணாக்கு, மக்காச்சோள மாவு எல்லாவற்றையும் அக்கா முன்கூட்டியே இறக்கிவிடுவார். கரண்ட் போனால் தெருவில் எல்லோரும் விசிறியைத் தேடுவார்கள். அக்கா ஓடிப்போய் தீவன அறை ஜன்னல்களைத் திறப்பார். "நம்ம பொழுக்கத்துல கெடந்துக்கலாம் தம்பி. தவிடு தாங்குமா?" என்பார்.

ஒருநாள் செல்வி படிக்கட்டைக் கழுவுவதற்காக எடுத்துவந்த பினாயில் பாட்டிலை அந்த அறை வாசலில் வைத்துவிட்டாள். அக்கா போட்ட கூச்சலில், பாம்பு வந்துவிட்டது என்று எதிர்வீட்டுக்காரர் கழியோடு ஓடிவந்தார்.

"பினாயிலு, எலி மருந்து, பூச்சி மருந்து, எதுவும் இந்தப் பக்கம் வரக் கூடாது பொண்ணு! மாடு வாயில்லா ஜீவன். இன்னாத்த துன்னேன்னு அதுவா டாக்டருகிட்ட சொல்லும்?"

செல்வி அதற்குப் பிறகு ஒரு வாரம் ஷாம்பு பாட்டிலைக்கூட முந்தானைக்குள் மறைத்துத்தான் கொண்டுபோனாள்.

இதையெல்லாம் மிஞ்சியது வீடு மந்திரிக்கும் வைபவம். பங்குச் சாமியார் வந்து வராந்தா, சமையலறை, மாட்டுக் கொட்டகை எல்லா இடத்திலும் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். தீவன அறைப் பக்கம் திரும்பியதும் அக்கா வாசலை மறித்து நின்றுகொண்டார்.

"சாமி, இங்க மட்டும் தண்ணி தெளிக்காம மந்திரிச்சிடுங்க."

"தீர்த்தம்மா அது!"

"தீர்த்தம்தான் சாமி. ஆனா ஈரமாத்தான இருக்குது? பூஞ்சை புடிச்சிடும்."

சவரி அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். சாமியார் வாசலில் நின்றபடியே வெறும் கையால் சிலுவை வரைந்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

அந்த வருஷம் மழை பிடித்துக்கொண்டபோது செல்வி ஏழு மாதக் கர்ப்பிணி. நான் டவுனில் ஆபீசில் இருந்தேன். அக்காவின் போன் வந்தது.

"தம்பி, பொண்ணு படியில வழுக்கி வுழுந்துடிச்சி. ஆட்டோவுல ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறேன். நீ பதறாம வா."

பதறித்தான் போனேன். ஆஸ்பத்திரியில் செல்வி படுத்திருந்தாள். பக்கத்தில் அக்கா, முழங்கை வரை மாவோடு நின்றிருந்தார். "இன்னாம்மா இது, இட்லி கடையிலேருந்து வர்றீங்களா?" என்று நர்ஸ் கேட்டபோதுதான் அவரே குனிந்து கையைப் பார்த்தார். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனாலும் இங்கேயே வைத்துப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர்.

அக்காவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. வராந்தாவின் கோடிக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார்.

"யாருக்கா?"

"இவருதான். டீத்தூள் எங்க இருக்குதுன்னு தெரியலியாம்."

பெண்கள் வார்டில் ராத்திரி ஆண்கள் தங்கக் கூடாது என்றதும் துணைக்கு அவரே இருந்துகொண்டார்.

மறுநாள் காலையில் துணிமணி எடுக்க வீட்டுக்குப் போனேன். கொட்டகையில் ரோஸி, அக்காவின் செல்லப் பசு, வயிறு புடைத்துப்போய் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. மாட்டு டாக்டர் குழாய் வழியாக மருந்து இறக்கிக்கொண்டிருந்தார். சவரி அண்ணன் கயிற்றைப் பிடித்தபடி அழுதுவிடுவார் போல இருந்தார்.

"தண்ணி காட்ட இத அவுத்து வுட்டுட்டு, உள்ள மாவு அள்ளிக்கினு இருந்திருக்கா தம்பி. பொண்ணு கத்தின சத்தம் கேட்டு அப்டியே போட்டுட்டு ஓடிட்டா. டிரம்மும் தொறந்து கெடக்குது, கதவும் தொறந்து கெடக்குது. நான் வந்து பாக்குறப்ப இது உள்ள தலைய வுட்டுக்கினு நிக்குது. அவ்ளோ மாவு துன்னா வவுறு புளிச்சி செத்தே போயிடுமாம்."

"அக்காகிட்ட சொன்னீங்களா?"

"நேத்தே சொன்னேன். டாக்டரக் கூப்புடு, பொண்ண வுட்டுட்டு நான் எப்டி வர்றதுன்னு வெச்சிட்டா."

நானும் போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

அன்று மதியம் நான் செல்விக்குத் துணையாகப் போன பிறகுதான் அக்கா வீடு திரும்பினார். சாயங்காலம் சவரி அண்ணன் போன் செய்தார். ரோஸி சாணம் போட்டுவிட்டதாம், லேசாக அசைபோடவும் ஆரம்பித்துவிட்டதாம். பின்னால் அக்கா மாட்டைத் திட்டுவது கேட்டது. "அறிவிருக்குதாடி உனக்கு? கல்யாணப் பந்தியா இது?" நடுவில் குரல் உடைந்து மூக்கை உறிஞ்சுவதும் கேட்டது.

செல்வியை வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று, "எங்களாலதானேக்கா இவ்வளவும்" என்று ஆரம்பித்தேன்.

"மாடு துன்னதுக்கு நீ இன்னா தம்பி பண்ணுவ? தள்ளு, பொண்ணு நடக்கட்டும்."

மாடிப்படி பக்கம் போன செல்வியைத் தோளைப் பிடித்துத் திருப்பி, தீவன அறைக்குள் அழைத்துப் போனார். டிரம்கள், மூட்டைகள், பலகைகள் எதுவும் அங்கே இல்லை. எல்லாம் வராந்தாவில் தார்ப்பாய்க்கு அடியில் இருந்தன. அறை நடுவில் கட்டில், ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

"புள்ள பொறக்குற வரைக்கும் படி ஏறக் கூடாது. இங்கியே இரு."

"மழையில தீவனம் நனைஞ்சிடுமேக்கா" என்றாள் செல்வி.

"நனைஞ்சா நனையட்டும், போ."

இப்போது நாங்கள் அரியாங்குப்பத்தில் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை டிரம்மக்கா வருவதாகச் சொன்னால், என் மகள் காலையிலிருந்தே கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவளை உள்ளே வரச் சொல்லிக் கூப்பிடப் போன நானும் அங்கேயே நின்றுவிடுகிறேன்.