பத்தடிக் கோலும் சம்பந்தியின் 'டூ'வும்

ஜெர்மனியின் மீன்பிடித் தேர்வில் தேறிய பிறகும், உயிருள்ள மீன் ஒன்றைக் கையால் தொட்டிராதவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இங்கே தூண்டில் போட உரிமம் வேண்டும், உரிமத்துக்குத் தேர்வு எழுத வேண்டும். தேர்வு என்றால் எனக்குக் கொண்டாட்டம். படத்தைக் காட்டி மீனின் பெயர் கேட்டார்கள், சொன்னேன். தூண்டில் கோலைத் துண்டுதுண்டாகக் கொடுத்துப் பொருத்தச் சொன்னார்கள், பொருத்தினேன். கழற்றிக் காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

ஐம்பத்தைந்து வயதில் இந்த ஆசை ஏன் வந்தது என்றால், என் மகள் நிலா காதலித்த யோனாஸின் அப்பாவால் வந்தது. ஹெல்முட் பாலம் கட்டும் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். டுசல்டோர்ஃபில் எங்கள் வீட்டுக்கு இரண்டு முறை வந்தார். கத்தியும் முள்கரண்டியுமாக வடையை அறுத்துச் சாப்பிட்டு "நன்று" என்றார். மற்றபடி ஆற்றைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் வாய் திறப்பார். என்னை எப்போதும் 'ஸீ' போட்டுத்தான் அழைப்பார். அது ஜெர்மன் மொழியின் 'நீங்கள்'. மரியாதைதானே என்று நானும் மகிழ்ந்திருந்தேன்.

"அப்பா, அது மரியாதை இல்ல, டிஸ்டன்ஸ்" என்றாள் நிலா. "அவரே முன்வந்து 'டூ', அதாவது 'நீ'ன்னு சொன்னாத்தான் நம்மளை ஃபேமிலியா ஏத்துக்கிட்டார்னு அர்த்தம். மூத்த மருமகளோட அப்பாவை அவர் கடைசிவரைக்கும் ஸீன்னுதான் கூப்பிட்டார்."

"கடைசிவரைக்கும்னா?"

"டைவர்ஸ் ஆகிறவரைக்கும்."

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. நிலா பயிற்சியும் கொடுத்தாள். அவர் 'டூ' என்ற அந்த நொடியே நான் வலது கையை நீட்டி, "டாங்க, ஹெல்முட்" என்று பெயர் சொல்லிக் குலுக்க வேண்டும். தயங்கினால் மறுத்ததாகிவிடும். தினமும் சவரக் கண்ணாடியின் முன்னால் நின்று கையை நீட்டிப் பழகினேன். (நுரை படிந்த அந்தக் கண்ணாடிக்குப் பலமுறை நன்றி சொல்லியிருக்கிறேன்.)

ஐஃபல் மலைப்பக்கம் ஓர் ஆற்றுக்கு வரும்படி அவர் ஒருநாள் அழைத்தார். அவர் பிடிப்பது 'நிம்ஃப்' முறையில். தண்ணீருக்கடியில் வளரும் இளம்பூச்சியைப் போல நூலும் இறகும் வைத்துக் கட்டிய போலி இரைக்குத்தான் நிம்ஃப் என்று பெயர். அதைத் தரையோடு உருளவிட்டு மீனை ஏமாற்றுவார்கள். அதில் எத்தனை வகை என்று படித்துப் படித்து ஒரு குறிப்பேட்டையே நிரப்பினேன். நூலை விறைப்பாகப் பிடித்து, கடிப்பதைக் கையாலேயே உணரும் முறைக்கு நீளமான, மெல்லிய கோல் வேண்டும். நூலில் மிதவை கட்டித் தொலைவில் வீசும் முறைக்குக் குட்டையான, முறுக்கான கோல் வேண்டும். மேலே மிதக்கும் ஈ, கீழே தொங்கும் நிம்ஃப் என்று இரண்டையும் ஒன்றாகப் போடுகிறவர்களும் உண்டு. ஹெல்முட் அன்று எந்த முறையைக் கையில் எடுப்பார் என்று யாருக்குத் தெரியும்? கேட்டால் ஒன்றும் தெரியாதவன் என்று நினைத்துவிடுவார். ஆகவே எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே கோல் வேண்டும்.

எசனில் இருக்கும் நண்பர் குணம் அண்ணைக்குப் போன் போட்டேன். யாழ்ப்பாணத்துக்காரர். ஞாயிறுதோறும் கால்வாயில் தூண்டில் போடுகிறவர்.

"எல்லாத்துக்கும் ஒரு கோல் ஏலாது தம்பி. கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் ஒரே சேர்ட்டைப் போடுறமே?"

"நான் போடுவேன் அண்ணை."

"ஓம், நீர் போடுவீர். அப்ப பத்தடி, நாலாம் நம்பர் எடுங்கோ. நுனி மெத்தெண்டு இருக்கோணும், அடி பலமா இருக்கோணும். எல்லாத்தையும் அரைகுறையாச் செய்யும். உமக்கு அது காணும்."

பத்தடி நாலாம் நம்பர் வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். எந்தக் கணக்கிலும் நான்கு வரவில்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று மறுபடி போன் போட்டபோதுதான், அந்த எண் கோலின் எடை அல்ல, அதற்கு ஏற்ற நூலின் எடையைக் குறிப்பது என்று குணம் அண்ணை சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்.

நாங்கள் ஆற்றுக்குப் போனது மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை. (என் மனைவி உமா ஞாயிறு என்பாள். ஞாயிறு அல்ல. போகும் வழியில் கடைகள் திறந்திருந்தன. ஞாயிறன்று கடை திறக்காத ஜெர்மனியில் இதைவிடச் சாட்சி வேண்டாம்.) முந்தின நாள் வெள்ளிக்கிழமை. சாயங்காலம் கோலை உறையிலிருந்து எடுத்த என்னை உமா தடுத்தாள்.

"என்னங்க, புதுசா வாங்கினதை சாமி முன்னாடி வைக்காம எடுத்துட்டுப் போவீங்களா? வாஷிங் மெஷினுக்கே பொட்டு வச்சோம்."

நான்கு துண்டுகளையும் சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக வைத்தோம். ஒவ்வொரு துண்டின் முனையிலும் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். பூஜை முடிந்ததும், தேர்வில் தேறியவன் என்ற மிதப்பில், சந்தனம் காயும் முன்பே துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி, திருகி, இறுக்கி, பத்தடியையும் கூடத்தில் நிறுத்திக் காட்டினேன். கைதட்டினாள்.

காலையில் கழற்றப் பார்த்தேன். வரவில்லை. மூன்று இணைப்பிலும் சந்தனம் சிமெண்டுபோல இறுகியிருந்தது. உமா ஒருபக்கம் பிடித்து இழுத்துப் பார்த்தாள், வளையல்தான் உடைந்தது. அதற்குள் அழைப்பு மணி அடித்தது. ஹெல்முட் சொன்ன நேரம் தவறாதவர்.

மூன்றாம் மாடியிலிருந்து பத்தடிக் கோலை ஒவ்வொரு திருப்பமாக இறக்கினேன். பின்கண்ணாடி தொடங்கி முன்கண்ணாடி வரை அவருடைய காருக்குள் வில்லாக வளைத்து வைத்தோம். கார் இடப்பக்கம் திரும்பும்போதெல்லாம் கோலின் நுனி அவருடைய காதைத் தடவியது. இரண்டு கையாலும் கோலைப் பிடித்துக்கொண்டு, மகளின் கல்யாணம் அந்தக் காதில் தொங்குவதாக நினைத்து ஐஃபல் வரைக்கும் வியர்த்தேன்.

ஆற்றங்கரையில் அவர் கோலை வாங்கி, இணைப்பை முகர்ந்து பார்த்தார்.

"சோப்பா?"

"சந்தனம். கடவுளுக்காக."

யோசித்தார். "கடவுள் இதை நன்றாக ஒட்டியிருக்கிறார்" என்றார். கோல் நல்ல தேர்வுதான், ஆனால் நூலைக் கோக்கக்கூட நுனி கைக்கு எட்டவில்லை, முதலில் கழற்றுவோம் என்றார். இதற்கு இருவர் முறை ஒன்று உண்டாம். எதிரெதிரே நின்று இணைப்பின் மேல்துண்டில் ஆளுக்கு ஒரு கை, கீழ்த்துண்டில் ஆளுக்கு ஒரு கை. மார்புவரை ஏறும் ரப்பர் காற்சட்டையோடு ஆற்றுக்கு முதுகு காட்டி, வழுக்கும் கல்மேல் அவர் நின்றார். கரை பக்கம் நான். கைகுலுக்குவதற்கு மேல் தொட்டறியாத இரண்டு சம்பந்திகள், நான்கு கைகளும் பின்னிக்கிடக்க, மூச்சு முட்ட இழுத்தோம். கோல் முனகியது. அவர் முகம் சிவந்தது. அப்போதுதான் கத்தினார்:

"டூ! டூ முஸ்ட் ட்ஸீயன்!"

நீ இழுக்க வேண்டும் என்று பொருள். என் காதில் முதல் சொல்தான் விழுந்தது. டூ! கண்ணாடி முன் பழகிய பழக்கம் மூளையைக் கேட்கவில்லை. இரண்டு கையையும் கோலிலிருந்து எடுத்தேன். வலது கையை நேராக நீட்டினேன். "டாங்க, ஹெல்முட்!" என்றேன்.

கோல் 'பட்'டென்று கழன்றது. மேல்துண்டைப் பிடித்தபடியே பின்னால் போன ஹெல்முட் ஆற்றுக்குள் உட்கார்ந்தார். முழங்காலளவு தண்ணீர்தான், ஆனால் உட்கார்ந்தால் அது மார்புக்கு வரும் என்பதையும், காற்சட்டைக்குள் நிறையும் என்பதையும் அன்று கண்டேன். நீட்டிய கையை மடக்கத் தோன்றாமல் நின்றிருந்தேன். அவர் அந்தக் கையை வெகுநேரம் பார்த்தார். பிறகு அதைப் பற்றி எழுந்தார்.

திரும்பும் வழியெல்லாம் ஹீட்டரை முழுதாகத் திருப்பி வைத்து ஓட்டினார். இறக்கிவிடும்போது, "உங்கள் கோல்" என்றார். ஸீ! போயிற்று என்று வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தேன்.

"அவசரத்துல சொன்னது கணக்குல வராதுப்பா" என்று நிலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுதாளா, சிரித்தாளா என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

இரவு எட்டரை மணிக்குத் தொலைபேசி அடித்தது. நிலா எடுத்து, ஒலியைப் பெருக்கி வைத்தாள். "உன் அப்பாவிடம் சொல். டூ என்றது டூதான். காரில் எனக்குக் குளிர், அதனால் மறந்துவிட்டேன்" என்றார் ஹெல்முட். தும்மினார். "இனிமேல் அவர் எனக்குக் கை கொடுக்க வேண்டாம். தலையை ஆட்டினால் போதும்."

உமாவுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் கணமே மதுரையில் இருக்கும் தன் அண்ணனுக்குச் செய்தி அனுப்பினாள்: 'சம்பந்தி டூ சொல்லிட்டார்!'

மதுரையில் அப்போது நடுராத்திரி. செய்தியை அவர் காலையில்தான் பார்த்திருக்கிறார். தமிழ்நாட்டில் பள்ளிக்கூடத்தில் படித்த எவருக்கும் 'டூ' என்றால் ஒரே பொருள்தான். 'இனி உன்னோடு பேச்சுக் கிடையாது.' சமாதானமானால் 'சேத்தி'. மச்சான் கல்யாணத்துக்கு எடுத்திருந்த விமான டிக்கெட்டை ரத்து செய்தார். பத்திரிகை அச்சடிப்பதை நிறுத்தச் சொன்னார். அதன்பிறகு எனக்குப் போன் போட்டு, "வருத்தப்படாதீங்க மாப்ளே, நம்ம பிள்ளைக்கு வேற நல்ல இடம் பார்ப்போம்" என்று தேற்றினார்.

கல்யாணம் நன்றாக நடந்தது. மச்சானும் வேறு டிக்கெட்டில் வந்து சேர்ந்தார். இன்றும் ஞாயிற்றுக்கிழமைப் போனில் நலம் விசாரிக்கும் முன், "மாப்ளே, அங்க இப்ப டூவா, சேத்தியா?" என்றுதான் கேட்பார். அன்று ஹெல்முட் எங்கள் வீட்டில் இருந்தால், வடையைக் கையால் பிய்த்துக்கொண்டே, நான் வாய் திறக்கும் முன் பக்கத்து அறையிலிருந்து பதில் போகும்:

"ட்ஸேத்தி!"