கேட் வரைக்கும் கேட்ட மைக் டெஸ்ட்

தெரியாத வேலையைத் தெரியாது என்று சொல்ல எனக்கு வராது. அந்தக் குறையை மறைக்க நான் பட்ட பாட்டில் பாதியை வேலை கற்றுக்கொள்வதில் செலவழித்திருந்தால், இன்று கண்டியில் எனக்கென்று ஒரு ரிப்பேர் கடையே இருந்திருக்கும்.

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது எனக்கு இருபத்துநான்கு வயது. டவுனில் ஒரு புத்தகக் கடையில் வேலை. அதற்கு முன் மூன்று மாத எலக்ட்ரோனிக்ஸ் வகுப்பு ஒன்றில் சேர்ந்து இரண்டு மாதம் போயிருந்தேன். (பழுது பார்ப்பதை மூன்றாவது மாதம்தான் சொல்லிக்கொடுத்தார்களாம்.)

"மண்டபத்துக்கு சவுண்ட் செட் வாடகைக்கு எடுத்துருவோம்டா" என்றாள் அக்கா.

"எதுக்கு? என்கிட்டயே அம்ப்ளிபயர் இருக்கு. நான் பாத்துக்கிறேன்."

அப்போது என்னிடம் அம்ப்ளிபயர் எதுவும் இல்லை. மறுநாள்தான் வாங்கினேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் பழைய சாமான் விற்கும் முஸ்லிம் நானா ஒருவர் இருந்தார். கறுப்புப் பெட்டி ஒன்றைத் துணியால் துடைத்து என் முன்னால் வைத்தார். "ஜப்பான் சாமான் தம்பி. மண்டையில ஒரு தட்டுத் தட்டினாப் போதும், அருமையாப் பாடும்." நான் அதைப் புகழ்ச்சி என்று எடுத்துக்கொண்டேன். அவர் சொன்னது பாவிக்கும் முறையை.

வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டால், வலது பக்கம் ஒழுங்காகப் பாடியது. இடது பக்கம் இரண்டு வரி பாடிவிட்டு ஊமையாகிவிடும். பிறகு தனக்குத் தோன்றும்போது மறுபடி வரும். இரண்டு வாரம் அதோடு மல்லுக்கட்டினேன். வயரை மாற்றினேன். பியூஸை மாற்றினேன். மூடியைக் கழற்றித் தூசி ஊதினேன். கடைசியில் இடது பக்கத்து ஸ்பீக்கரை வலது பக்கத்தில் மாட்டினேன், அது பாடியது. ஆகவே ஸ்பீக்கரில் குறை இல்லை என்று கண்டுபிடித்து, அன்று முழுக்கப் பெரிய விஞ்ஞானி போல நடந்துகொண்டேன்.

என் கூட்டாளி பாசில் அம்பிட்டியவில் போன் ரிப்பேர் செய்பவன். ஒருநாள் வந்து டோர்ச் அடித்துப் பார்த்தான்.

"மச்சான், உள்ளுக்கு எங்கயோ ஈயம் வச்சு ஒட்டின இடம் விட்டிருக்கு. இது என்ட கைக்கு அடங்காது. தெரிஞ்ச ஆள்கிட்ட குடுப்பம்."

"தெரிஞ்ச ஆள் நான்தான்டா" என்றேன்.

இந்த இடத்தில் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் அண்ணன். பன்வில பக்கம் தபால்காரராக இருந்து ஓய்வுபெற்றவர். அம்மா இறந்து இரண்டு வருடமான அந்த நேரத்தில், அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துப் பேசி முடித்ததே அவர்தான். எங்கள் குடும்பத்து விசேஷம் எதுவானாலும் மாமா பேசுவார். சட்டைப் பையில் மடித்த தாள் இருக்கும். தாளில் இரண்டு பக்கம்தான். ஆனால் இரண்டாவது பக்கத்துக்கு அவர் வந்து சேர்வதற்குள் சோறு ஆறிவிடும்.

கல்யாணம் வத்தேகமவில், மேட்டில் இருந்த ஒரு தகரக் கூரை மண்டபத்தில். கீழே ரோட்டோரம் கேட். இடது பக்கத்தைச் சரிசெய்துவிட்டேன் என்று நம்பி, மண்டபத்துக்குள் இருந்த ஸ்பீக்கர் பெட்டிகளை அம்ப்ளிபயரின் இடது பக்கத்தில் கொடுத்தேன். கேட்டில் கட்டிய இரண்டு ஹோர்ன் ஸ்பீக்கர்களை வலது பக்கத்தில் கொடுத்தேன். காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் விழுந்த சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதே சரியாகக் கேட்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வரும் நேரம் பார்த்துப் பெட்டிகளும் ஊமையாகிவிட்டன.

"கீழ ஹோர்ன் வேல செய்யுதா என்டு பாத்துட்டு வாரேன்" என்றான் பாசில்.

"சும்மா நனையாத. ரெண்டும் ஒரே மெஷின்தானே. மொத்தமாச் செத்துப்போச்சு."

இரண்டு மாதம் வகுப்புக்குப் போனவனின் தீர்ப்பு அது. சத்தம் வருகிறதா என்று பார்க்க வொல்யூமை முழுக்கத் திருப்பி வைத்துவிட்டு, மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு வயர்களை ஒவ்வொன்றாக ஆட்டினேன்.

"இண்டைக்கு யாரு பேசுற?" என்று கேட்டான் பாசில்.

"எங்க மாமாதான். அவர் பேசுறதுக்கு இது செத்துக் கிடக்கிறதே நல்லது. போன கல்யாணத்துல இவர் பேசி முடிக்கிறதுக்குள்ள பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் பசியில கண்ணு இருட்டிருச்சு."

அதோடு நிறுத்தியிருக்கலாம். பாசில் சிரித்தான். எனக்கு ஒருவர் சிரித்தால் போதும், நிற்க மாட்டேன். மாமாவைப் போலவே தொண்டையைச் செருமி, "அன்பார்ந்த உற்றார் உறவினர்களே" என்று ஆரம்பித்து, அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடுவது, தாளைத் தலைகீழாகப் பிடிப்பது, விட்ட இடத்தை மறந்து முதலிலிருந்து தொடங்குவது என்று ஐந்து நிமிடம் நடித்தேன். நன்றாகவே நடித்தேன். அதுதான் இன்றைக்கும் வலிக்கிறது.

குடையை உதறிக்கொண்டு மாப்பிள்ளையின் பெரியப்பா உள்ளே வந்தார். நேராக என்னிடம் வந்து தோளைத் தட்டினார்.

"நல்லாப் பேசுறீங்க தம்பி. கீழ கேட்டுல நின்ன எல்லாருக்கும் கேட்டுச்சு."

பாசில் வொல்யூமைக் குறைத்தான்.

கேட்டில் வந்தவர்களுக்குக் குடை பிடித்து வரவேற்றுக்கொண்டு நின்றவர் மாமா. மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்களாம். மாமாவும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாராம். இதை மாமா வீட்டு அத்தைதான் பிறகு சொன்னார்.

தாலி கட்டி முடிந்ததும் மாமாவைப் பேசக் கூப்பிட்டார்கள். அதற்குள் பாசில் அம்ப்ளிபயரின் மண்டையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டியிருந்தான்; பெட்டிகள் கணீரென்று பேசின. மழையும் விட்டிருந்தது. மாமா சட்டைப் பைக்குக் கையைக் கொண்டுபோய், தாளை எடுக்காமலே கையை இறக்கிக்கொண்டார்.

"தொண்டை கட்டியிருக்கு. வேற யாராவது பேசுங்க."

வேறு யாரும் பேசவில்லை. எங்கள் வீட்டில் பேசத் தெரிந்தவர் வேறு யார் இருந்தார்கள்?

மறுநாள் பன்விலவுக்கு மன்னிப்புக் கேட்கப் போனேன். மாமா கதிரையை இழுத்துப் போட்டு, தேத்தண்ணி கொடுக்கச் சொன்னார். "நீ பொய்யா சொன்ன? நான் நீளமாத்தான் பேசுறேன். சரி விடு." அவ்வளவுதான். அதற்குப் பிறகு மெஷினைப் பற்றித்தான் விசாரித்தார்.

வாசல் வரை வந்த அத்தை மெதுவாகச் சொன்னார்: "அந்தப் பேப்பர் முழுக்க உங்க அம்மாவப் பத்தித்தான் எழுதியிருந்தாரு. ஒரு கிழமையா உக்காந்து எழுதினாரு."

பஸ்ஸுக்குப் போகாமல் ரோட்டில் வெகுதூரம் நடந்தேன். திரும்பிப் போய் அந்தத் தாளைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பிறகு ஒரு தீபாவளிக்குத் துணிந்து கேட்டபோது, எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை என்றார் மாமா.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் நான் யாரையாவது பற்றி வாயைத் திறந்தால், அக்கா எழுந்து ஜன்னலைத் திறந்து, "வெளிய ஹோர்ன் கட்டியிருக்கானு பாத்துட்டுப் பேசு" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். மாமாதான் அதிகம் சிரிப்பார்.

போன வருடம் எனக்குக் கல்யாணம். சவுண்ட் செட் வாடகைக்கு எடுத்தேன். மாமாவிடம் நானே போய், "எவ்வளவு நேரம்னாலும் பேசுங்க மாமா" என்றேன். அவர் எழுந்தார், மைக்கை வாங்கினார், "ரெண்டு பேரும் நல்லா இருக்கணும், எல்லாரும் சாப்பிட்டுட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மண்டபமே கைதட்டியது.

என் மாமனார் என் பக்கம் சாய்ந்தார்.

"உங்க மாமா எவ்வளவு சுருக்கமா, அழகாப் பேசுறாரு. நல்ல பழக்கம்."

ஆமாம் என்று தலையாட்டினேன்.