முழங்கால் வண்டியும் என் ஐந்து நாற்காலிகளும்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம் பல. இங்கே என் உடம்பில் ஐந்து இடங்கள் நீங்கலாக மற்ற எல்லா இடங்களும் நலம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும், உங்கள் வீட்டுச் சாவிக்கொத்தைச் சீக்கிரமே கைப்பற்றிவிட்டதாகக் கேள்விப்படும் எங்கள் மகளும் ஒரு தலைவலிகூட இல்லாமல் இருக்க வேண்டுகிறேன்.

தாங்கள் அனுப்பிய ஆறுதல் கடிதம் கிடைத்தது. பதவி போனால் போகட்டும், மனதைத் தளரவிடாதீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். மகள் போனில் அரைகுறையாக ஏதோ உளறியிருக்கிறாள். நடந்ததை நானே சொல்லிவிடுவதுதான் முறை. கல்யாண வீட்டில் என் தோளில் தட்டி, "இவர்தான் நம்ம சம்பந்தி, அஞ்சு அரசாங்க கவுன்சில்ல மெம்பர்" என்று நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னவர் நீங்கள். இனியும் அப்படிச் சொல்லி உங்கள் வார்த்தை பொய்யாகிவிடக் கூடாது பாருங்கள்.

அந்த ஐந்து பதவியும் நான் தேடிப் போனவை அல்ல. ஓய்வு பெற்ற கையோடு நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் படுத்தேன். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், "நல்லா பேசறீங்களே சார், இதய கவுன்சில்ல நோயாளிங்க சார்பா ஒரு ஆள் வேணுமாம்" என்று என் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டார். அப்புறம் சர்க்கரை வந்தது, பின்னாலேயே சர்க்கரை கவுன்சிலும் வந்தது. சிறுநீரகத்தில் கல், கண்ணில் புரை, முழங்காலில் தேய்மானம் என்று ஒவ்வொன்றாக வர வர, பதவியும் கூடவே வந்தது. உங்கள் சம்பந்தியம்மா, அதாவது என் மனைவி, "இன்னொரு இடத்துல வலிக்குதுன்னு வெளிய சொல்லிடாதீங்க, அதுக்கும் ஒரு மீட்டிங் வெச்சிடுவாங்க" என்பாள். அவளுக்கு எப்போதுமே என் வளர்ச்சியில் அவ்வளவு மகிழ்ச்சி கிடையாது.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. மாநிலத்தின் சுகாதாரத் திட்டங்கள், கவுன்சில்கள் எல்லாவற்றையும் ஒன்றாக்கி ஒரே ஒருங்கிணைந்த கவுன்சில், செலவு பாதியாகக் குறையும் என்றார்கள். நல்ல யோசனைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அலுவலகத்தில் யாரோ அவசரக்காரர், ஐந்து கவுன்சில்களின் உறுப்பினர் பட்டியலையும் ஒன்றன் கீழ் ஒன்றாக ஒட்டி கெஜட்டுக்கு அனுப்பிவிட்டார். அச்சாகியும் விட்டது. ஆக, புதிய கவுன்சிலில் நான் ஐந்து பேர்.

முதல் கூட்டத்தன்று காலையில் எங்கள் தெருவில் ஐந்து கார்கள் வரிசையாக வந்து நின்றன. மெம்பருக்கு ஒரு கார் என்பது விதி. முதல் காரில் நான் ஏறிக்கொண்டேன், மற்ற நான்கும் காலியாகப் பின்னால் வந்தன. எதிர்வீட்டுக்காரர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஏதோ மந்திரி வந்து போகிறார் என்று அவசரமாகச் சட்டை போட்டுக்கொண்டு இறங்கி வந்தாராம். கூட்ட அறையில் ஐந்து இடங்களில் என் பெயர்ப்பலகை. இதயத்தைப் பற்றிப் பேசும்போது ஜன்னலோர நாற்காலி, கண்ணைப் பற்றிப் பேசும்போது கதவோர நாற்காலி என்று நான் எழுந்து எழுந்து இடம் மாற வேண்டியிருந்தது. டீ வந்தது. சர்க்கரை கவுன்சில் விதிப்படி இனிப்பு கூடாது, இதய கவுன்சில் விதிப்படி பொரித்தது கூடாது, சிறுநீரக கவுன்சில் விதிப்படி உப்பு கூடாது. எல்லா விதிகளையும் ஒருங்கிணைத்துப் பார்த்ததில் வெந்நீர்தான் மிஞ்சியது. அதையும் சிறுநீரகம் நிறையக் குடிக்கச் சொல்லும், இதயம் அளந்து குடிக்கச் சொல்லும், ஆகையால் அரை தம்ளர் கொடுத்தார்கள். இதுதான் முதல் சேமிப்பு என்று கணக்கு அதிகாரி சந்தோஷமாகக் குறித்துக்கொண்டார்.

இதுவரை சிரித்துக்கொண்டே படித்திருப்பீர்கள். இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. சேமிப்புப் பட்டியலில் அடுத்ததாக நின்றது, முழங்கால் வலிக்காரர்களுக்குப் பயிற்சி தரும் முழங்கால் வண்டி. உங்களுக்குத் தெரியும், போன வருஷம் என் மனைவி குளியலறையில் விழுந்ததிலிருந்து எங்கள் மாடிப்படியை அவளால் இறங்க முடியவில்லை. மகளின் கல்யாணத்துக்கே நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தோமே, அதைப் பார்த்தவர் நீங்கள். அப்புறம் பஸ் டிப்போவின் பின்பக்கம் வாரத்தில் இரண்டு நாள் அந்த வண்டி வர ஆரம்பித்தது. உள்ளே பாய் விரித்துப் படுக்கவைத்து, காலைத் தூக்கு, மடக்கு, நீட்டு என்று நர்ஸம்மா பயிற்சி கொடுப்பார். முதலில் ஆட்டோவில் போனாள், பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு போனாள், இப்போது என்னை விட்டுவிட்டு முன்னால் போகிறாள். அந்த வண்டி நின்றால் அவள் மறுபடியும் கட்டிலோடு கிடப்பாளோ என்று எனக்குப் பயம். இதை மறைத்துச் சொல்ல என்ன இருக்கிறது, சம்பந்தி?

முழங்கால் வண்டியையும் கண் வண்டியையும் ஒன்றாக்கிவிடலாம் என்பது கணக்கு அதிகாரியின் திட்டம். ஒரு நாள் ஒத்திகை பார்த்தார்கள். கண் பரிசோதனைக்கு இருட்டு வேண்டும் என்று வண்டியின் ஜன்னல்களை எல்லாம் மூடினார்கள். தரையில் முழங்கால்காரர்கள் காலைத் தூக்கியபடி படுத்திருந்தார்கள். கண் சரியாகத் தெரியாதவர்கள் இருட்டில் எழுத்துப் பலகையைத் தேடிக்கொண்டு அவர்கள் நடுவே நடந்து போனார்கள். யார் யாரை மிதித்தார்கள் என்பதில் இன்றுவரை கருத்து வேறுபாடு இருக்கிறது. கண்ணுக்கு வந்த ஒரு பெரியவர் முழங்காலில் கட்டோடு வீடு திரும்பினார் என்பது மட்டும் உண்மை.

அதற்கு அப்புறமும் கணக்கு அதிகாரி விடவில்லை, ஓட்டெடுப்பு வைத்தார். முழங்கால் நான், கண் நான், இதய நான் மூவரும் இரண்டு வண்டிகளும் தனித்தனியாக இருக்கட்டும் என்று கையைத் தூக்கினோம். ஆனால் மிச்சமாகும் பணத்தில் சர்க்கரைக்காரர்களுக்குப் பரிசோதனை வண்டி வாங்கித் தருவதாக ஏற்கெனவே பேச்சு. அவர்கள் என்னை நம்பி அனுப்பியிருக்கும்போது, சர்க்கரை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எப்படி மனசாட்சி இல்லாமல் கையைத் தூக்குவது? எதிர்த்து ஓட்டுப் போட்டேன். சிறுநீரக நான் அந்த நேரம் பார்த்து வெளியே போயிருந்தேன். மற்ற மெம்பர்களின் ஓட்டையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால் இரு பக்கமும் சமம்.

தலைமை தாங்கிய இயக்குநர் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்ன சார் இது? ஒரே ஆள் ரெண்டு பக்கமும் ஓட்டுப் போட்டா நான் எப்படி முடிவெடுக்கிறது?"

"அம்மா, உடம்பு ஒண்ணுதான். ஆனா அஞ்சு டாக்டர் அஞ்சு விதமா சொல்றாங்களே, நான் யார் பேச்சைக் கேக்கறது?"

அவர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். கணக்கு அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. "வண்டி ஓடணும்னா வேற எங்கயாவது மிச்சம் பிடிச்சுக் காட்டுங்க, நான் ஏன் வேணாம்னு சொல்றேன்?" என்றார். நியாயமான மனிதர்தான். நான் ஜன்னல் வழியே வெளியே பார்த்தேன். மரத்தடியில் என்னுடைய ஐந்து கார்கள் நின்றன. ஐந்து டிரைவர்களும் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார்கள்.

"அம்மா, என்னில நாலு பேரை வேலையை விட்டு எடுத்துடுங்க. அந்த நாலு காருக்கு ஆகற செலவுல முழங்கால் வண்டி ஓடட்டும்" என்றேன். கணக்கு அதிகாரி கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார்.

ஆகவே சம்பந்தி, பதவி பறிபோகவில்லை, நானாகத்தான் விட்டுக்கொடுத்தேன். முழங்கால் நாற்காலி ஒன்று கையில் இருக்கிறது, ஒரு கார் வருகிறது, அதுபோதும். வண்டி டிப்போவின் பின்பக்கம் வழக்கம்போல் வருகிறது. எனக்கு மனசு நிறைந்திருக்கிறது. இனி யாரிடமாவது அறிமுகப்படுத்தினால், "ஒரு வண்டியைக் காப்பாற்றியவர்" என்று சொல்லுங்கள், மறுக்க மாட்டேன்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எங்கள் ஆசிகள், அவர்கள் எந்தக் கவுன்சிலுக்கும் தகுதி பெறாமல் நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி
(ஒரே ஒருவன்)

பின்குறிப்பு: தபால் தலை வாங்க மறந்து இந்தக் கடிதம் பத்து நாளாக மேஜையிலேயே கிடந்துவிட்டது. அதற்குள் என்னென்னவோ நடந்துவிட்டது. மிச்சம் இருப்பது முழங்கால் நாற்காலி மட்டும் என்பதால், வலி இன்னும் இருக்கிறதா என்று பார்க்கப் புதிதாக எக்ஸ்ரே கேட்டார்கள். நாற்காலிக்கு நாற்காலி எழுந்து நடந்ததில் என் முழங்கால் நன்றாகிவிட்டதாம், டாக்டர் பாராட்டி அனுப்பினார். நோயே இல்லாதவன் நோயாளிகளின் பிரதிநிதியாக இருக்க முடியாது என்று நாற்காலியை உங்கள் சம்பந்தியம்மாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். நேற்று கார் வந்தது, அவள் ஏறிப் போனாள், நான் வாசலில் நின்று கையாட்டினேன். போன முதல் கூட்டத்திலேயே அவள், இரண்டு வண்டியையும் தாராளமாக ஒன்றாக்குங்கள், கண் பரிசோதனை உள்ளே நடக்கட்டும், எங்களுக்கு வெளியே மர நிழலில் பாயைப் போடுங்கள், உள்ளே புழுக்கம் தாங்கவில்லை என்றிருக்கிறாள். ஒருவர்கூட எதிர்க்கவில்லையாம். ஒரே வண்டி இனி வாரத்தில் நான்கு நாள் வரும், மிச்சமான வண்டி சர்க்கரைக்காரர்களுக்குப் போகிறது. நான் காப்பாற்றியதாக மேலே எழுதியிருப்பதைத் தயவுசெய்து யாரிடமும் படித்துக் காட்ட வேண்டாம். "இதை முன்னாடியே எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். அவள் சொன்னாள்: "நீங்க அஞ்சு பேரும் மாத்தி மாத்திப் பேசிக்கிட்டிருந்தீங்க. நடுவுல நான் எப்பங்க வாயைத் திறக்கிறது?"