சம்பந்தி கடையின் பச்சைக் கிண்ணம்

முதல் கரண்டி நாக்கில் பட்டதுமே கண்ணாடிக்கடைக்காரருக்கு உச்சந்தலைவரை சிலிர்த்தது. பச்சிலையும் ஈர மண்ணும் சேர்ந்தாற்போல் ஒரு ருசி. துப்பவும் வழியில்லை. வருங்காலச் சம்பந்தி எதிரே நின்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வட்டாரத்தில் வசிக்கும் பல சமூகத்தாரும் தெருவை அடைத்துக் கடை போட்டு, தங்கள் சாப்பாட்டையும் பழக்கவழக்கங்களையும் காட்டும் விழா அது. மகள் விரும்பும் பையனின் வீட்டாரும் கடை போட்டிருந்தார்கள். வேறு சமூகம், வேறு சமையல். கல்யாணப் பேச்சு இன்னும் முடிவாகவில்லை.

"அப்பா, போன தடவை அவங்க வீட்டு டீயைத் தொடாமலே வந்துட்டீங்க. இன்னிக்கு எது இருந்தாலும் முகம் சுளிக்காம சாப்பிடுங்க," என்று மகள் கெஞ்சியிருந்தாள். அதனால்தான் யாரும் உபசரிக்குமுன்பே, ஓரமாகப் பச்சையாய் ஏதோ குழைத்து வைத்திருந்த கிண்ணத்தை உரிமையோடு எடுத்துக்கொண்டார்.

"எப்படி... இருக்கு?" சம்பந்தி தயங்கினார்.

"அமிர்தம் போங்க."

சம்பந்தியம்மாள் கணவரைப் பார்த்தாள். கணவர் பந்தல் கூரையைப் பார்த்தார். நம்பவில்லை போலிருக்கிறதே என்று இவர் நினைத்தார். நம்ப வைப்பதற்காகக் கிண்ணத்தை வழித்துத் தின்றார்.

"இன்னும் கொஞ்சம்... வேணுமா?"

வேண்டாம் என்றால் சம்பந்தம் கைநழுவிப் போகும். "இதையெல்லாம் கேக்கணுமா?"

இரண்டாவது கிண்ணம் வந்தது. சம்பந்தி திரும்பிய சமயம் பார்த்துப் பாதியைக் கைக்குட்டையில் சுருட்டிச் சட்டைப்பையில் திணித்தார். அது நின்று நிதானமாகக் கசிந்தது.

அப்போதுதான் மனைவி வந்து சேர்ந்தாள். "என்னங்க, நெஞ்செல்லாம் பச்சை?"

"உனக்குன்னுதான் எடுத்து வச்சேன். அவ்வளவு ருசி."

சம்பந்தியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பாவம், நெகிழ்ந்துவிட்டாள் என்று இவர் நினைத்தார்.

அந்த நேரம் பார்த்து விழா அறிவிப்பாளர் மைக்கை நீட்டினார். "ஐயா, உங்களுக்கு எந்தக் கடை பிடிச்சது?"

சம்பந்தி வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். எவ்வளவு அடக்கமான மனுஷர்! கண்ணாடிக்கடைக்காரர் மைக்கை வாங்கிக்கொண்டார். "இந்தக் கடைப் பச்சைக் கிண்ணத்தைச் சாப்பிடாதவங்க இன்னிக்கு இங்க வந்ததே வீண்," என்று தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

ஐந்து நிமிடத்தில் கடை முன்னால் வரிசை தெருமுனை வரை நீண்டது. சம்பந்தி வியர்த்துப்போய் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

கடைக்குப் பின்னாலிருந்து சம்பந்தியின் அக்கா, பச்சை அப்பிய கைகளோடு வெளியே வந்தாள்.

"சம்பந்தி மனசு நோகும், வாயைத் திறக்காதேன்னு நீ சொன்னே, நானும் திறக்கலை," என்றாள் தம்பியிடம். "ஊரே தின்ன வந்து நிக்குதே, இனி பின்னால உக்காந்திருக்கிற பொண்ணுங்க முகத்துல பூசறதுக்கு நான் எதைக் குழைக்கிறது?"