ககனவேந்தன் மூன்றாமவன் சுமந்த பாரம்

அண்டம் தோன்றிய நாள்முதல் இன்றுவரை மூடநம்பிக்கை தீண்டாத மாந்தன் ஒருவனே பிறந்திருக்கிறான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பதில் அவன் கிழக்குத் தாம்பரத்தில், பி.எஸ்ஸி. இயற்பியல் இரண்டாம் ஆண்டில், வருகைப்பதிவு குறைந்த நிலையில் வாழ்ந்துவந்தான். அறிவுச்சுடர் ஏந்திய கையினன், அக்கையாலேயே ஆய்வகக் குடுவை மூன்றை உடைத்த வீறினன், ராக்கெட் கழகத் தலைவன் ஸ்ரீரங்கன் வாழ்க.

வறண்ட ஏரியின் நடுவே, அட்டைக்குழல் மேனியும் தரையூன்றிய மூவிறக்கை வாலும் பூண்டு நின்றான் ககனவேந்தன் மூன்றாமவன். முதலாமவன் முள்வேலியில் வீரமரணம் எய்தியவன். இரண்டாமவன் எருமையொன்றைத் துரத்திச் சென்று சேற்றில் அமிழ்ந்தவன். மூக்குக்கூம்பில் ஐம்பது கிராம் பாரம் வைக்காவிடில் இவனும் எருமை தேடிப் போவான் என்றது கணக்கு.

எப்பாரம் ஏற்றுவது? மூண்டது பெரும்போர். முட்டை முழங்கி வந்தது; உடைந்தால் நாறும் என்று வீழ்ந்தது. தவளை தாவி வந்தது, "அதோட வீட்ல சொல்லிட்டீங்களா?" என்ற செயலாளர் ரமாவின் ஒற்றைக் கணையில் சாய்ந்தது. திருநீர்மலை லாரிக்குலத் தோன்றல் சிட்டிபாபுவோ, மஞ்சள் பையிலிருந்து எலுமிச்சம்பழங்களை எடுத்தான்.

"மேல எத்த வேணா வை மச்சான். கீய இத்த வெச்சிட்டு கெளப்பு. எங்க மாமா செங்கல்பட்டு போறதுக்கே வெக்கிறாரு, இது வானத்துக்குப் போவுது."

இடியென நகைத்தான் ஸ்ரீரங்கன். "ராக்கெட்டுக்கு டயர் எங்கடா இருக்கு? நியூட்டன் சொன்ன விதி மூணு. ஒண்ணுலயும் எலுமிச்சம்பழம் கிடையாது. இது போகும், குடை விரிச்சுப் பூ மாதிரி இறங்கும். எதை வேணும்னாலும் நம்பி வைக்கலாம்."

"அப்ப உன் வாட்சை வை," என்றாள் ரமா.

ஸ்ரீரங்கனின் வலக்கை இடது மணிக்கட்டைப் பொத்திற்று. கல்லூரியில் சேர்ந்த அன்று அப்பா தம் மணிக்கட்டிலிருந்து கழற்றிக் கட்டிவிட்ட கடிகாரம் அது. அஃதின்றி வீடு திரும்புவதினும் பள்ளிக்கரணைச் சதுப்பை நீந்திக் கடப்பது எளிது. தராசில் இட்டனர். துரோகி, சரியாக ஐம்பது கிராம் காட்டிற்று.

கடிகாரம் உள்ளே போயிற்று, கூம்பு மூடியது. படையினர் பின்வாங்கிக் கரையின் மறைவில் குப்புறக் கிடந்தனர். திரியைக் கடைசியாகச் சோதித்து வருவேன் எனப் பறைசாற்றி, அரியேறு அனையான், ஆழிசூழ் உலகின் ஒரே அச்சமிலான், மஞ்சள் பையை ஒரு கணம் உரசியவாறு தனியே நடந்து, ககனவேந்தனின் காலடியில் மண்டியிட்டான்.

மூன்று இறக்கைக்கும் கீழே ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் வைத்தான்.