மொரிதா-சானுக்கு ஒரு சின்ன ஞாபகமூட்டல்

அந்த விபரீத யோசனை தி. நகரில் ஒரு டெய்லர் கடை வாசலில்தான் உதித்தது. அம்மா நாள் தவறாமல் போன் போட்டு நச்சரித்ததில், தீபாவளி நெரிசலிலும் எங்கள் ஜாக்கெட் மட்டும் தயார். இப்படித்தான் உலகத்திடம் வேலை வாங்க வேண்டும் என்று எனக்கு ஞானம் பிறந்தது. (புதிதாக வேலைக்குச் சேர்ந்தவளுக்கு ஞானம் சீக்கிரம் பிறக்கும்.)

தரமணியில் எங்கள் ஆபீஸ் ஒரு ஜப்பான் கம்பெனிக்கு மென்பொருள் செய்துகொண்டிருந்தது. அங்கே மொரிதா-சான் (சான் என்றால் நம் 'சார்' மாதிரி) என்பவர் ஒரு டிசைனுக்கு ஒப்புதல் தர வேண்டும். அது வந்து என் வேலை முடிந்தால்தான் என்னை நிரந்தரமாக்குவார்கள். மயிலாப்பூரில் பறக்கும் ரயில் ஏறியதும் ஜப்பானியச் சொற்களை நெட்டுருப் போட ஆரம்பிப்பேன். 'ஒனெகாய் ஷிமாஸ்' என்றால் தயவுசெய்து. 'நென் நோ தமே' என்றால் எதற்கும் ஒருமுறை. இரண்டையும் கோத்துக் காலையில் ஒரு மெயில், மதியம் ஒரு மெயில். மறுநாளும் அப்படியே. பதில் வராததால் அவருடைய மேலதிகாரியையும் சேர்த்துக்கொண்டேன். (அம்மாகூட டெய்லர் மனைவியிடம் புகார் சொல்வாள்.)

பதிலுக்கு ஒரு வீடியோ மீட்டிங் அழைப்பு வந்தது. எங்கள் மேனேஜர் சேகர் சாருக்கும் சேர்த்து. தலைப்பில் என் பெயர் இருந்தது. வேலை போன சேதியை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று பாத்ரூமில் ஒத்திகை பார்த்தேன்.

திரை விரிந்ததும் மொரிதா-சான், அவர் மேலதிகாரி, அவருக்கும் மேலே ஒருவர் என்று வரிசையாக எழுந்து மன்னிப்புக் கேட்டுக் குனிந்தார்கள். நிமிரவே இல்லை. உச்சந்தலைகளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

சேகர் சார் மைக்கை அணைத்தார். சைதாப்பேட்டைக்காரர். "இன்னாம்மா எழுதின அவங்களுக்கு?"

"ரிமைண்டர்தான் சார். ப்ளீஸ் எல்லாம் போட்டிருக்கேன்."

"ஒரு தபா கேக்கறதுக்கே ஸாரி சொல்லித்தான் ஆரம்பிக்கணும் அவங்ககிட்ட. நீ மேல இருக்கறவருக்கு வேற போட்டுக்கினு இருக்க. அந்த ஆளு வேலைக்கே உலை வச்சிருப்ப."

என் வேலையைப் பற்றி மட்டுமே பயந்துகொண்டிருந்தவளுக்கு அப்போதுதான் மொரிதா-சானுக்கும் ஒரு வேலை இருப்பது உறைத்தது.

யார் வேலையும் போகவில்லை. ஒப்புதல் அன்றே வந்தது, நானும் நிரந்தரமானேன். ஆனால் இனி தவறு நேராதிருக்க, தினமும் மொரிதா-சானே வீடியோவில் எனக்கு நிலவரம் சொல்வார் என்று உறுதியளித்துவிட்டார்கள். அவருக்குக் காலை ஒன்பது மணி, நமக்கு ஐந்தரை. இன்றுவரை நடக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அப்பா, "ஜப்பான்காரனே எங்க பொண்ணுகிட்ட ஒப்பிச்சுட்டுத்தான் வேலையைத் தொடங்குறான்" என்கிறார்.

'தினமும் சொல்ல வேண்டியதில்லை' என்பதை, யாரும் எழுந்து குனியாதபடி சொல்ல இப்போது பழகிக்கொண்டிருக்கிறேன். நாளைக் காலை சொல்லிப் பார்க்கப் போகிறேன். முதல் வாக்கியம் மன்னிப்பு. அதுவரை நன்றாக வருகிறது. இரண்டாவதும் மன்னிப்பாகவே வந்து நிற்கிறது.