மல்லிகா அக்காவின் கிரைண்டர் மீது நான் போட்ட பழி

ஒரு பொருளை அரைகுறையாகத் தெரிந்தவனிடம் கொடுப்பதைவிட, ஒன்றுமே தெரியாதவனிடம் கொடுப்பது மேல். ஒன்றும் தெரியாதவன் அதைத் தொடமாட்டான். நான் தொட்டேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. அசோக் நகரில் ஒரு பயிற்சி மையத்தில் கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்திருந்தேன். (பயிற்சிதான் முடிந்தது. எனக்குள் எதுவும் தொடங்கவில்லை.) தி. நகரில் எங்கள் வாடகை வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து அதற்கு நான்தான் வைத்தியன். அந்த அறைக்குள் செருப்போடு வரக் கூடாது, பக்கத்தில் நின்று தும்மக் கூடாது என்று சட்டம் போட்டிருந்தேன். சாமி அறைக்குக்கூட எங்கள் வீட்டில் அவ்வளவு கெடுபிடி கிடையாது.

அக்கா ஹேமாவுக்கு எம்.எஸ்ஸி. விலங்கியல் கடைசி வருஷம். அடையாறு முகத்துவாரத்து நண்டுகளைப் பற்றிய ஆய்வறிக்கையைத் திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும். தவறினால் அடுத்த பருவம்வரை காத்திருக்கணும். கோபாலபுரத்துப் பள்ளி ஒன்றில் சொல்லி வைத்திருந்த டீச்சர் வேலையும் போய்விடும். வேலைக்குப் போன பிறகுதான் கல்யாணப் பேச்சு என்று அப்பாவிடம் அழுது வாங்கிய அவகாசமும் அதோடு சரி.

அவள் நண்டின் முன்னங்கால்களை டைப் அடித்துக்கொண்டிருந்தபோது திரை கறுத்தது. கம்ப்யூட்டர் தானாகவே முதலிலிருந்து தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும்.

"சேவ் பண்ணியிருந்தியா?" என்று கேட்டேன்.

"நீதானேடா சொன்னே, அடிக்கடி சேவ் பண்ணா ஹார்ட் டிஸ்க் தேஞ்சுடும்னு!"

சொல்லியிருந்தேன். (எங்கே படித்தேன் என்று வெகுநாள் யோசித்தேன். எங்கேயும் படிக்கவில்லை.) பேச்சுவார்த்தைக்குப் பிறகு, ஓர் அத்தியாயத்துக்கு ஒரு தடவை சேவ் பண்ணிக்கொள்ள அனுமதித்தேன். அவளும் கேட்டுக்கொண்டாள். வீட்டில் டிப்ளமா என்னிடம்தான் இருந்தது.

வைரஸ் என்று முதலில் அறிவித்தேன். தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை. பிறகு கேபினட்டைத் திறந்து, கைக்கு வந்ததையெல்லாம் கழற்றித் துடைத்து மாட்டினேன். பலன் இல்லை. அப்போதுதான் மாடி வீட்டு மல்லிகா அக்கா நினைவுக்கு வந்தார். அவர் மாவு அரைக்கும்போதெல்லாம் எங்கள் டியூப் லைட் கண் சிமிட்டும். வேறென்ன சாட்சி வேண்டும்?

மாடியேறிப் போய், "அக்கா, திங்கட்கிழமை வரைக்கும் கிரைண்டர் போடாதீங்க" என்றேன்.

"இன்னா தம்பி, எங்க கிரைண்டரு சுத்துனா உங்க கம்பியூட்டருக்குத் தல சுத்துதா?"

"லோ வோல்டேஜ் அக்கா. ஹேமா படிப்பே இதுலதான் இருக்கு."

ஹேமா பெயரைக் கேட்டதும் அவர் மறுபேச்சில்லாமல் சுவிட்சை அணைத்தார். பாதி அரைந்த அரிசி உரலிலேயே கிடந்தது. அதன்பின் அந்த வீட்டில் காலையும் மாலையும் உப்புமாதான். அவர் கணவர் மாடிப்படியில் என்னைப் பார்த்த பார்வையை நான் எதிர்கொள்ளவே இல்லை.

கம்ப்யூட்டர் மட்டும் பழையபடி கறுத்துக்கொண்டே இருந்தது. "நமக்குத் தெரியாம அரைக்கறாங்கம்மா" என்று அம்மாவிடம் சொன்னேன். நான் மெதுவாகப் பேசிப் பழகியவன் இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மல்லிகா அக்கா இறங்கி வந்தார்.

"நான் திருட்டுத்தனமா மாவு ஆட்றேன்னியாமே? வூட்டுக்காரரு மாடில கிரைண்டர போட்டுக்கினு கீறாரு. நான் இங்கயே நிக்கிறேன். உன் பொட்டி அணையட்டும் நைனா, கிரைண்டரத் தூக்கிக் கடாசிடறேன்."

மேலே கிரைண்டர் இரைந்தது. டியூப் லைட் சிமிட்டியது. கம்ப்யூட்டர் அசையவில்லை. ஹேமா யாரையும் கவனிக்காமல் கடைசி அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தை அடித்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்ச நேரம் ஆகும்" என்றேன்.

அம்மா விளக்கேற்றிவிட்டுச் சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். வெள்ளிக்கிழமை வழக்கம். பீரோவுக்கு ஒரு பொட்டு, தையல் மெஷினுக்கு ஒரு பொட்டு. அடுத்தது கம்ப்யூட்டர். கேபினட்டின் முன்னால் இருந்த சின்ன வட்டப் பட்டனில், பக்தியோடு அழுத்தி ஒரு பொட்டு வைத்தாள்.

திரை கறுத்தது.

அது ரீசெட் பட்டன். கம்ப்யூட்டரை முதலிலிருந்து தொடங்க வைப்பதற்கென்றே செய்தது. ஆயுத பூஜையில் ஆரம்பித்து வாராவாரம், கம்ப்யூட்டர் அணைந்திருந்த நேரத்தில் வைத்த சந்தனம் காய்ந்து இறுகி, பட்டன் பாதி உள்ளே போய் மாட்டிக்கொண்டிருந்தது. மேஜை ஆடினால் மீதியும் போய்விடும். ஹேமா வேகமாக டைப் அடிப்பவள். மேஜை ஆடாமல் என்ன செய்யும்?

"போயும் போயும் அங்கேயாம்மா பொட்டு வெப்பே?"

"நீதான்டா காட்டினே! 'இங்க வைம்மா, இந்தப் பட்டனால ஒரு பிரயோஜனமும் இல்ல'ன்னு சொன்னியே."

காட்டியிருந்தேன்.

"அப்ப என் கிரைண்டருக்கு ஜாமீன் உண்டா?" என்றார் மல்லிகா அக்கா.

ஹேமா சிரிக்கவில்லை. ஓர் அத்தியாயம் முழுக்கப் போயிருந்தது. அவள் சத்தமில்லாமல் அழுததைப் பார்த்தபோது எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. ஊசியால் சந்தனத்தைச் சுரண்டி எடுத்தேன். ஞாயிறு வரை நான் அவளுடைய கையெழுத்துப் பிரதியை வாசிக்க, அவள் அடித்தாள். வரிக்கு வரி சேவ் பண்ணினாள். மேலேயிருந்து சூடாக இட்லி வந்தது. ஹேமாவுக்கு மட்டும் என்று சொல்லியும் அனுப்பியிருந்தார்கள்.

அறிக்கை திங்கட்கிழமை போய்ச் சேர்ந்தது, வேலையும் கிடைத்தது. அதன் நன்றியுரைப் பக்கத்தில் பேராசிரியர், அப்பா, அம்மா, இட்லியைத் தியாகம் செய்த மேல்வீட்டுக் குடும்பம், ஒத்துழைத்த நண்டுகள் என்று எல்லோரும் இருக்கிறார்கள். எனக்கு நிச்சயமான பெண் முதன்முதலில் வீட்டுக்கு வந்தபோது, ஹேமா அந்தப் பக்கத்தைத் திறந்து மடியில் வைத்து, "உங்க வருங்கால வீட்டுக்காரர் பேரு எங்க இருக்குன்னு பாருங்க" என்றாள். பாவம், அந்தப் பெண்ணும் மேலிருந்து கீழே விரல் வைத்துத் தேடினாள். இப்போது என் மகள் தேடுகிறாள். நண்டுகளின் லத்தீன் பெயர்களில்கூடப் பார்த்துவிட்டாளாம்.